காட்பாடி மாடியிலும் ஏலகிரியிலும் சாமந்தி: ஒளியையும் வெப்பத்தையும் பிரித்துப் பார்த்த ஒரு பதிவு

சாமந்திச் செடி இலையும் தண்டுமாகத் தழைத்து நிற்கிறது, மொட்டு மட்டும் வைக்கவில்லை என்று வேலூர்ப் பக்கத்தில் யாரிடம் சொன்னாலும், வெயில் அதிகம் என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த விடையில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு செடிக்கு எதையும் செய்துவிட முடியாது. செடியின்மேல் விழும் ஒளியின் அளவு, ஒரு நாளில் அந்த ஒளி நீடிக்கும் நேரம், காற்றும் மண்ணும் அடையும் வெப்பம் ஆகிய மூன்றும் கோடையில் சேர்ந்தே உயர்கின்றன. இவற்றில் எது செடியை எப்படி மாற்றுகிறது என்று தெரிய வேண்டுமானால் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தாக வேண்டும். காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலும், ஏலகிரி மலையில் என் அத்தை வீட்டு முற்றத்திலும், ஒரே தாய்ச்செடியின் தூரிலிருந்து எடுத்த கன்றுகளை வளர்த்து அவ்வாறு பிரித்துப் பார்த்த முயற்சியை இங்கே பதிவு செய்கிறேன்.

ஏலகிரியைச் சேர்த்துக்கொண்டதற்குத் தெளிவான காரணம் உண்டு. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் அந்த மலை திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது என்றாலும், நில அமைப்பில் அது நம் பக்கத்து மலைதான். வேலூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 220 மீட்டர் உயரத்தில் இருக்க, ஏலகிரி ஆயிரம் மீட்டரைத் தாண்டி நிற்கிறது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து டிகிரி வேறுபாட்டை எதிர்பார்க்கலாம். ஆனால் அட்சரேகையில் வேலூர் 12.9 பாகை, ஏலகிரி 12.6 பாகை என்று இரண்டும் ஒட்டியே அமைந்திருப்பதால், சூரியன் எழுவதும் மறைவதும் இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. பகலின் நீளத்தை மாற்றாமல் வெப்பத்தை மட்டும் குறைத்துப் பார்க்க வேண்டுமானால் ஆய்வகத்தில் குளிரூட்டிய அறை தேவைப்படும். வேலூர்க்காரர்களுக்கு அந்த வசதியை ஒரு மலை இலவசமாகத் தருகிறது.

பகலின் நீளம் நம் ஊரில் எவ்வளவு மாறுகிறது என்பதை முதலில் கணக்கிட்டுக்கொண்டேன். ஜூன் மாதக் கடைசியில், ஆண்டின் மிக நீண்ட பகல், சூரியன் எழுவதிலிருந்து மறைவது வரை ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம் இருக்கிறது. டிசம்பர் மாதக் கடைசியில், மிகக் குறுகிய பகல், 11 மணி 20 நிமிடத்தை ஒட்டியிருக்கிறது. ஆண்டு முழுவதற்குமான வேறுபாடே ஒன்றரை மணி நேரம்தான். தில்லியில் ஜூன் பகல் ஏறத்தாழ 14 மணி நேரம், டிசம்பர் பகல் பத்தேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். வேறுபாடு இவ்வளவு குறைவாக இருப்பதால் நம் ஊர்ச் செடிகளுக்குப் பகல் நீளம் ஒரு பொருட்டே அல்ல என்று தோன்றலாம். சாமந்தியைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. அது குறும்பகல் செடி; இரவின் இருட்டு ஏறத்தாழ பத்து மணி நேரத்தைத் தாண்டும்போதுதான் பெரும்பாலான வகைகள் மொட்டுக் கட்டத் தொடங்குகின்றன. நம் ஊரின் ஜூன் இரவு 11 மணி 10 நிமிடம். அதில் விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் உள்ள மங்கிய வெளிச்சத்தைக் கழித்தால் பத்தரை மணி நேரத்துக்கும் குறைவான இருட்டே மிஞ்சுகிறது. அதாவது நாம் எல்லைக்கோட்டின்மேலேயே உட்கார்ந்திருக்கிறோம். எல்லையில் இருக்கும் செடிக்குச் சிறிய மாற்றமும் பெரிய விளைவைத் தரும்.

பூப்பதைப் பகலின் நீளம் தீர்மானிக்கிறது என்பதை அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்களான கார்னர், அல்லார்ட் இருவரும் 1920-இல் வெளியிட்டார்கள். மேரிலேண்ட் மாமத் என்ற புகையிலை வகை கோடையில் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்தும் பூக்காமல் நின்றதற்குக் காரணம் தேடியபோது, உரம், ஈரம், வெப்பம் என்று ஒவ்வொன்றாக ஒதுக்கி, கடைசியில் பகலின் நீளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1938-இல் ஹாம்னர், பானர் இருவரும் மருளூமத்தைச் செடியை வைத்துச் செய்த சோதனையில், செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இடைவெளி இல்லாத இரவை என்பது புலப்பட்டது. பகலின் நடுவே செடியை இருட்டில் வைத்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைக் காட்டினால் பூப்பது நின்றுபோயிற்று. சாமந்தியை வைத்தே 1930-களில் ஆய்வு செய்த சைலாக்கியான் என்ற சோவியத் அறிவியலாளர், இரவின் நீளத்தை உணர்வது இலைதான் என்றும், அங்கிருந்து ஏதோ ஒரு பொருள் நுனிக்கு ஏறி மொட்டைத் தூண்டுகிறது என்றும் காட்டினார். மாடியில் நான் செய்தவை எல்லாம் இந்த அடிப்படையின்மேல் எழுந்தவைதான்.

ஏப்ரல் மாதத்தில் மஞ்சள் சாமந்தித் தாய்ச்செடியின் தூரிலிருந்து வேருடன் பக்கக் கன்றுகளைப் பிரித்து, நிழலில் வேர் பிடிக்கவிட்டு, ஜூன் தொடக்கத்தில் தொட்டிகளுக்கு மாற்றினேன். மண் கலவையில் புதிதாக எதுவும் இல்லை: செம்மண், மட்கிய தொழு உரம், ஊறவைத்துக் கழுவிய தென்னை நார்க்கழிவு ஆகியவை சம பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நட்டு நான்கு வாரம் ஆனதும் எல்லாச் செடிகளின் கொழுந்தையும் ஒரே நாளில் கிள்ளிவிட்டேன்.

தொட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெப்பம் செடியை முதலில் தாக்குவது இலையில் அல்ல, வேரில். கறுப்பு நிறப் பிளாஸ்டிக் வளர்ப்புப் பை, மண் தொட்டி, வெளிப்புறம் சுண்ணாம்பு அடித்த வளர்ப்புப் பை ஆகிய மூன்றிலும் ஒரே கலவையை நிரப்பி, மேற்கு ஓரத்தில் மூன்று விரல்கடை ஆழத்தில் சமையலறை வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணிக்குக் காற்று 38 டிகிரியாக இருந்த ஒரு நாளில், கறுப்புப் பையின் மண் 45 டிகிரியைத் தொட்டிருந்தது. சுண்ணாம்பு அடித்த பையில் 38. ஓரம் ஈரமாக இருந்த மண் தொட்டியில் 34. மண் தொட்டியின் சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சுண்ணாம்பு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. கறுப்புப் பையிலிருந்த செடியைக் கவிழ்த்து மண்கட்டியை வெளியே எடுத்துப் பார்த்தபோது, கிழக்குப் பக்கம் வெள்ளை வேர்கள் வலைபோலப் படர்ந்திருக்க, மேற்குப் பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மண்ணும் பழுப்பேறி உலர்ந்த இழைகளும் மட்டுமே இருந்தன. விரலால் தேய்த்தால் அந்த இழைகளின் மேல்தோல் உரிந்து, உள்ளே நரம்பு மட்டும் மிஞ்சியது. பாதி வேரை இழந்த செடி மாலையில் வாடுவதைப் பார்த்துவிட்டு நாம் மேலும் தண்ணீர் ஊற்றுகிறோம். சூடான மண்ணில் தேங்கிய நீர் மீதி வேரையும் அழுகச் செய்கிறது. இதன்பின் எல்லாச் செடிகளையும் மண் தொட்டிகளில் வைத்தே ஒப்பீட்டைத் தொடர்ந்தேன்.

செடிகளை ஐந்து பகுதிகளாகப் பிரித்தேன். தண்ணீர்த் தொட்டியின் மறைவில், எந்த விளக்கு வெளிச்சமும் படாத இடத்தில் ஒரு பகுதி இயல்பாக வளர்ந்தது. இரண்டாம் பகுதியின் நுனிக்கு நான்கு அடி மேலே 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை எரியுமாறு டைமர் வைத்தேன். மூன்றாம் பகுதியைக் கறுப்புத் துணியால் மூடி இரவை நீட்டினேன். நான்காம் பகுதியை ஐம்பது விழுக்காட்டு நிழல்வலையின் கீழ் வைத்தேன். ஐந்தாம் பகுதி ஏலகிரிக்குப் போயிற்று.

பல்பின் கீழ் இருந்த செடிகள்தான் எல்லோருக்கும் வியப்பைத் தந்தன. தண்ணீர்த் தொட்டி மறைவில் இருந்தவை ஆகஸ்டு இறுதியில் நுனியில் மிளகளவு பச்சை மொட்டுகளைக் காட்டத் தொடங்கின. பத்தடி தள்ளிப் பல்பின் கீழ் இருந்தவை, அதே மண், அதே வெயில், அதே தண்ணீர் கிடைத்தும், இலைமேல் இலையாக விட்டுக்கொண்டு இடுப்பளவு வளர்ந்தன. பகல் வெயிலின் முன் அந்தப் பல்பு எதற்கு ஈடாகும் என்று பார்ப்பவர்கள் கேட்டார்கள். ஒளியின் அளவைக் காட்டும் கையடக்க லக்ஸ் மீட்டரை இலை மட்டத்தில் வைத்தால் நண்பகலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை காட்டும். பல்பின் கீழ் அது நூறைச் சற்றே தாண்டியது. உணவு தயாரிக்க அந்த வெளிச்சம் செடிக்கு எந்த வகையிலும் போதாது. ஆனால் இரவு தொடர்ந்து இருட்டாக இருக்கிறதா என்று இலை கணக்கு வைப்பதைக் கலைக்க அவ்வளவே போதும். மஞ்சள் சாயல் கொண்ட பல்பில் சிவப்பு ஒளி கூடுதலாக இருப்பதால் வெண்ணிற பல்பைவிட அதையே தேர்ந்தெடுத்தேன். செலவும் பெரிதல்ல: ஓர் இரவுக்கு 36 வாட் மணி, அதாவது நான்கு வாரத்துக்கு ஒரு யூனிட். நான்கு மணி நேரமும் தொடர்ந்து எரிக்கத் தேவையில்லை, அரைமணிக்கு ஐந்தாறு நிமிடம் எரிந்தாலே சாமந்தி மொட்டு வைக்காது என்பதும் வணிகமாக வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை. ஓசூரிலும் எல்லை தாண்டிச் சிக்கபள்ளாப்பூர் பக்கத்திலும் இரவில் சாமந்தி வயல் முழுவதும் பல்புகள் வரிசையாக எரிவது இதற்காகத்தான். அது பூச்சிக்காகவும் அல்ல, காவலுக்காகவும் அல்ல.

தெருவிளக்கின் பாதிப்பும் இதே வகையைச் சேர்ந்தது. மாடியின் தெருப்பக்கக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்த தொட்டிகளில், விளக்கு நேராகப் படும் கிளைகள் மொட்டு வைக்கப் பின்தங்கின. அதே செடியில் சுவரின் நிழலுக்குள் இருந்த கிளைகள் முந்திக்கொண்டன. அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் பூந்தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "ரோட்டு வெளக்கு வெளிச்சம் உழுற பாத்தி எப்பவும் கடைசியாத்தான் மொக்கு வெக்கும் சார், எங்கப்பா காலத்துல வெளக்கும் இல்ல, இந்தத் தொல்லையும் இல்ல" என்றார். புத்தகம் எதையும் பார்க்காமல் பாத்தியைப் பார்த்தே அவர் கண்டறிந்த செய்தி அது. என் அளவீடுகளை நம்புவதற்கு அவருடைய சொல் எனக்குத் துணையாக இருந்தது. வீட்டில் சாமந்தி பூக்கவில்லை என்பவர்கள் உரத்தை மாற்றும் முன் இரவு பதினொரு மணிக்குச் செடியின் அருகே போய் நின்று, தங்கள் கை நிழல் இலையின்மேல் தெளிவாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தால் தொட்டியை இடம் மாற்றுவதுதான் மருந்து.

இலைக்குள் இந்தக் கணக்கை வைத்திருப்பது ஃபைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம். ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்டால் அது செயல்படும் வடிவத்துக்கு மாறுகிறது. 730 நானோமீட்டரை ஒட்டிய தொலைசிவப்பு ஒளி அதைப் பழைய வடிவத்துக்குத் திருப்புகிறது. இருட்டிலும் அது மெல்ல மெல்லத் திரும்பிவிடும். இரவு நீண்டால் செயல்படும் வடிவம் குறைந்து, சாமந்தியில் பூப்பதற்கான தடை விலகுகிறது. நள்ளிரவில் பல்பு எரிந்தால் அது மீண்டும் உருவாகித் தடை நிலைக்கிறது. சாமந்தி இனத்தில் பூப்பதைத் தடுக்கும் புரதம் ஒன்று இலையிலேயே உருவாகி நுனிக்குச் செல்கிறது என்பதை 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சைலாக்கியான் ஊகித்த பூப்பதைத் தூண்டும் பொருளுக்கு எதிரான பொருளும் அதே இலையில் இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கறுப்புத் துணிப் பகுதியில் ஒளியும் வெப்பமும் ஒன்றோடொன்று மோதுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. மாலை ஐந்து மணிக்கு மூடி மறுநாள் காலை எட்டு மணிக்குத் திறப்பது பலரும் சொல்லும் முறை. குளிர் நாடுகளில் அது சரி. வேலூரில் ஜூலை மாதம் ஐந்து மணிக்கு வெயில் இன்னும் சுள்ளென்று அடிக்கிறது. துணிக்குள் வெப்பம் வெளியே இருப்பதைவிட ஐந்து டிகிரி வரை ஏறிவிடுகிறது. ஆகவே ஒரு வரிசையை ஐந்து மணிக்கும், மற்றொரு வரிசையைச் சூரியன் மறைந்தபின் ஏழு மணிக்கும் மூடி, இரண்டையும் காலை எட்டு மணிக்குத் திறந்தேன். ஏழு மணிக்கு மூடியவற்றுக்குக் கிடைத்த இருட்டு பதின்மூன்று மணி நேரம், ஐந்து மணி வரிசையைவிட இரண்டு மணி நேரம் குறைவு. ஆயினும் மொட்டு முதலில் தெரிந்தது அவற்றில்தான். இருட்டின் அளவு போதுமான எல்லையைத் தாண்டியபின் மேலும் இருட்டைக் கொடுப்பதால் பயன் இல்லை. அதற்காக மாலையின் சூட்டைத் துணிக்குள் பூட்டிவைப்பது இழப்பையே தருகிறது. இரவை நீட்ட வேண்டுமானால் மாலையில் அல்ல, குளிர்ந்திருக்கும் விடியற்பக்கத்தில் நீட்ட வேண்டும் என்பது நம் ஊருக்கான என் தீர்மானம். கறுப்புத் துணியின்மேல் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைப் போர்த்தியதும் காலை வெயிலின் சூட்டைக் குறைத்தது.

ஏலகிரியின் செய்தி ஆகஸ்டு நடுவிலேயே வந்துவிட்டது. "இங்க மொக்கு வெச்சிடுச்சுப்பா, உன்னுது இன்னும் வெக்கலியா?" என்று அத்தை தொலைபேசியில் கேட்டார். அதே கன்று, அதே மண், அதே நீளமுள்ள இரவு. மாறியது வெப்பம் மட்டுமே. காட்பாடிச் செடிகள் மொட்டுக் காட்ட மேலும் இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டதோடு, மொட்டு தெரிந்தபின் விரிவதற்கும் கூடுதல் நாளாயிற்று. சாமந்தி மொட்டுக் கட்டுவதற்கு இரவு வெப்பம் 16 முதல் 18 டிகிரி உகந்தது என்றும், 30 டிகிரியை ஒட்டினால் தாமதம் ஏற்படும் என்றும் வணிகமாக வளர்ப்பவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். பூப்பதைத் தூண்டும் மரபணுவின் செயல்பாடு அதிக வெப்பத்தில் இலையிலேயே அடங்கிப்போகிறது என்ற ஆய்வு முடிவும் 2013-இல் வெளிவந்தது. இலை இரவை அளந்து முடிவெடுத்தபின்னும், அந்த முடிவை நுனிக்கு அனுப்பும் வேலையை வெப்பம் தடுக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இதனோடு மற்றொரு காரணமும் சேர்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கையால் சேர்த்த மாவுச்சத்தைச் செடி இரவில் சுவாசித்துச் செலவிடுகிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் சுவாசத்தின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஏலகிரியின் இரவில் மிச்சமாகும் உணவு அங்கே பூவின் அளவிலும் காம்பின் தடிப்பிலும் தெரிந்தது.

காட்பாடியிலேயே, வானிலை அறிக்கை சொல்லும் வெப்பமும் செடி உணரும் வெப்பமும் ஒன்றல்ல. மாடியின் கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை வெளியே விடுகிறது. இரவு பத்து மணிக்குத் தளத்தின்மேல் நேரடியாக வைத்த தொட்டியின் அருகே 32 டிகிரி காட்டிய வெப்பமானி, இரண்டடி உயர மரப் பலகையின்மேல் 29 காட்டியது. தொட்டிகளைப் பலகைக்கு ஏற்றி, மாலை ஆறு மணிக்குத் தளத்தில் விரித்த கோணிச் சாக்குகளை நனைத்துவிட்டபோது மேலும் ஒன்றிரண்டு டிகிரி இறங்கியது. மிகச் சிறிய வேறுபாடுதான். ஆனால் ஆகஸ்டு மாதத்தில் செடி தாமத எல்லையை ஒட்டியே நிற்பதால் அந்தச் சில டிகிரிகளுக்கு மதிப்பு உண்டு. பலகையில் ஏறியவை தளத்தில் இருந்தவற்றைவிட ஒரு வாரம் முந்தின. கோடைப் பகலின் உச்ச வெப்பத்தை நாம் குறைக்க முடியாது. இரவின் வெப்பத்தைக் குறைக்க முடியும். சாமந்திக்கு வேண்டியதும் அதுதான்.

நிழல்வலையின் கீழ் இருந்தவை வேறு பாடத்தைச் சொல்லின. அவை மொட்டு வைத்தது திறந்தவெளியில் இருந்தவற்றோடு ஏறக்குறைய ஒரே வாரத்தில்தான், ஏனென்றால் வலை ஒளியின் அளவைக் குறைத்ததே தவிர இரவின் நீளத்தைத் தொடவில்லை. ஆனால் செடியின் உருவமே மாறிவிட்டது. கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டு, இலைகள் அகன்று கரும்பச்சையாகி, பக்கக் கிளைகள் குறைந்து, பூவின் பாரத்தைத் தாங்காமல் குச்சி கட்ட வேண்டியதாயிற்று; பூக்களின் எண்ணிக்கையும் பாதியளவுக்குச் சுருங்கியது. ஒளியின் அளவு எத்தனை பூ, எவ்வளவு பெரிய பூ என்பதைத் தீர்மானிக்கிறது. இரவின் நீளம் எப்போது என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பூக்காத செடியை மேலும் வெயிலில் தள்ளுவதும், வாடும் செடியை ஆண்டு முழுவதும் பச்சை வலைக்குள் அடைப்பதும் வீட்டுத் தோட்டங்களில் நான் அடிக்கடி பார்ப்பவை. வலை தேவைப்படுவது ஏப்ரல், மே மாதங்களில், காலை பதினொரு மணி முதல் மாலை நான்கு மணி வரை மட்டுமே. அதற்கும் முப்பத்தைந்து விழுக்காட்டு வலை போதும். ஜூன் மழைக்குப்பின் அதைச் சுருட்டிவிட வேண்டும்.

தொட்டிகளை நெருக்கி வைத்தாலும் இதே நீட்சி ஏற்படுகிறது. பக்கத்துச் செடியின் இலைகள் சிவப்பு ஒளியை விழுங்கிக்கொண்டு தொலைசிவப்பை வெளியே விடுவதால், ஃபைட்டோகுரோம் அதை நிழல் என்று உணர்ந்து தண்டை நீட்டச் சொல்கிறது. ஒரு முழம் இடைவெளி விட்டதும் செடிகள் அடங்கி, பக்கக் கிளை விட்டன. சுவரோரத் தொட்டிகள் ஒளி வரும் பக்கம் சாய்வது, நிழல் பக்கத்துத் தண்டில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி கூடுதலாகச் சேர்ந்து அந்தப் பக்கம் அதிகம் நீள்வதால். வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பிவைத்தால் சாய்வு நேராகிவிடும்.

மஞ்சள் சாமந்தியின் நிறம் இரண்டு ஊரிலும் ஒன்றுபோலவே இருந்தது, ஏனெனில் அந்த மஞ்சளுக்குக் காரணமான கரோட்டினாய்டு நிறமி வெப்பத்தால் எளிதில் குறைவதில்லை. ஒப்பீட்டுக்காகச் சேர்த்த ஊதாச் சாமந்தி அப்படி இல்லை. அதன் நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் வெப்பத்தில் குறைவாகவே உருவாகும்; அக்டோபர் தொடக்கத்தில் காட்பாடியில் விரிந்த பூக்கள் சாயம் போன துணிபோல வெளிறியிருக்க, அதே செடியில் டிசம்பரில் விரிந்தவை அடர் ஊதாவாக வந்தன. நிறம் வெளிறினால் சத்துக் குறைவு என்று நினைத்து நுண்ணூட்டம் தெளிப்பவர்கள் ஒரு குளிர்காலம் பொறுத்திருந்து பார்க்கலாம்.

சாமந்திக்குச் சொன்ன எதையும் மற்றப் பூக்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. குண்டுமல்லி வெப்பத்தையும் நேர்வெயிலையும் விரும்புவது. நவம்பர் கடைசியில் கவாத்து செய்தால் வெயில் ஏற ஏறப் பங்குனி, சித்திரையில் பூத்துக் கொட்டும், வேப்பமர நிழலில் வைத்தால் கொடியாக ஓடுமே தவிர அரும்பு வைக்காது. கனகாம்பரம் அரைநிழலில் இலை வெளிறாமல் நன்றாக வளரும். டிசம்பர் பூவோ இரவு நீண்டு குளிர்ந்தபின்தான் மாடியை நிரப்புகிறது.

பண்டிகைக்குப் பூ வேண்டுமென்றால் இந்த அறிவு நேரடியாகப் பயன்படுகிறது. பல்பை நிறுத்திய நாளிலிருந்து பூ விரிய வகையைப் பொறுத்து 6 முதல் 15 வாரம் ஆகும்; என்னிடமுள்ள மஞ்சள் வகைக்குக் குளிர்காலத்தில் ஒன்பது வாரம் பிடிக்கிறது. பொங்கலுக்கு வேண்டுமானால் நவம்பர் பத்துக்குள் பல்பை அணைத்துவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழையின் மூட்டத்தில் பகல் ஒளி ஏழில் ஒரு பங்காகக் குறையும் நாள்கள் இடையில் வருவதால் மேலும் சில நாள் கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது. ஆயுத பூசைக்கு வேண்டுமானால் ஜூலை நடுவிலேயே அணைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆகஸ்டு இரவின் சூடு இரண்டு வாரத்தையாவது விழுங்கிவிடும். அணைத்த பிறகு எல்லைக்கோட்டில் நிற்கும் ஜூலை இரவை விடியற்பக்கம் துணி மூடி நீட்டினால்தான் மொட்டுகள் ஒரே சீராக வருகின்றன.

ஜனவரியில் பூ முடிந்ததும் தாய்ச்செடிகளை நான்கு விரல் உயரத்துக்கு வெட்டி, தூரைச் சுற்றித் தொழு உரம் இட்டு, அன்றிரவே பல்பின் கீழ் கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்த மாதங்களில் இரவு நீளமாக இருப்பதால், விளக்கில்லாமல் விட்டால் தூரில் முளைக்கும் பக்கக் கன்றுகள் இரண்டங்குலம் வளர்வதற்குள் நுனியில் மொட்டு வைத்து நின்றுவிடும்; அப்படிப்பட்ட கன்று வேர் பிடித்தாலும் நல்ல செடியாவதில்லை. மார்ச் கடைசி வரை பல்பு எரிந்தால் ஏப்ரலில் பிரிப்பதற்குக் கன்றுகள் இலையோடு தயாராக இருக்கும். இந்த முறை அவற்றில் பாதியை நடவுக்கு முன்பே ஏலகிரிக்கு அனுப்பி, கொழுந்து கிள்ளிய பின் காட்பாடிக்குக் கொண்டுவந்து வைத்து, வெப்பம் எந்தப் பருவத்தில் மொட்டை அதிகம் தாமதப்படுத்துகிறது என்று பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன்.